குரல்வளை என்னும் காவலன்

பந்தியில் அமர்ந்து உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் அவருடைய உச்சந்தலையில் மெல்லத் தட்டி, "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லித் தண்ணீர்ச் செம்பை நகர்த்திவைப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அன்பில் பிறந்த வழக்கமாதலால் அதைக் குறைகூற மனம் வரவில்லை. ஆயினும், வழிதவறிய பருக்கையை இருமலால் வெளியே தள்ளி உயிரைக் காத்த குரல்வளையை அந்த க்ஷணத்தில் ஒருவரும் நினைப்பதில்லை என்பதும், அந்த மறதியாலேயே நோயாளிகளுக்கு நாம் அறியாமல் பெருந்தீங்கு இழைத்துவருகிறோம் என்பதும் நெடுநாளாக என் மனத்தை உறுத்திவருகின்றன.

குரல்வளை என்றதும் நாம் குரலையே நினைக்கிறோம்; பெயரே அவ்விதம் அமைந்துவிட்டது. ஆனால் மூச்சுக்குழாயின் வாசலில் நின்று, காற்றை மட்டும் உள்ளே விட்டு, மற்றெதையும் தடுத்து நிறுத்துவதே அதன் முதற் கடமை. கழுத்தின் முன்புறத்து மேட்டின்மீது விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பார்த்தால், அந்த மேடு சட்டென்று மேலேறிப் பின் இறங்குவதை யாவரும் உணரலாம். அந்தச் சிறு பொழுதிற்குள், தசைகள் குரல்வளையை மேலும் முன்னுமாக இழுத்து நாவின் அடியில் ஒதுக்க, அதன் மூடி பின்புறமாகச் சாய, உள்ளே குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, சுவாசம் நின்று, ஆகாரம் பின்னாலுள்ள உணவுக்குழாயில் இறங்கிவிடுகிறது. நின்ற சுவாசம் பெரும்பாலும் வெளிமூச்சாகவே மறுபடி தொடங்குவதால், வாசலில் தங்கிய துளியும் உள்ளே இழுக்கப்படாமல் வெளியே தள்ளப்படுகிறது.

பேச்சும் பாட்டும் இதே அவயவத்தின் உபகாரம். வயதுவந்த ஆணுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டரும், பெண்ணுக்கு அதனினும் குறைவாகவும் நீளமுள்ள அந்த நாண்களைத் தசைகள் அருகருகே கொண்டுவந்து நிறுத்த, நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றை ஆணின் பேச்சில் விநாடிக்கு 100 தடவைக்கு மேலும், பெண்ணின் பேச்சில் 200 தடவையளவிலும் அதிரச் செய்கிறது. முன்புறத்துத் தசையொன்று நாண்களை இழுத்து நீட்ட நீட்டச் சுருதி உயர்கிறது. 1854-ஆம் ஆண்டில் மானுவேல் கார்ஸியா என்னும் ஸ்பானிய சங்கீத ஆசிரியர், நீண்ட காம்புள்ள பல்வைத்தியர் கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மீது பாய்ச்சி, தம் குரல்வளையைத் தாமே கண்டார். பாட்டின் ரகசியத்தைத் தேடிய அவர் கண்ணில் பட்டது, மூச்சுக்காக அகலத் திறந்திருந்த வாசல்.

அந்த வாசலைத் திறப்பதற்கென்று பின்புறத்தில் இருப்பது ஒரே ஒரு ஜோடித் தசை. மூடுவதற்கோ பல தசைகள் உண்டு. பாரம் தூக்குகிறவர் தம் பிடிப்பதும், இருமுகிறவர் காற்றை அடக்கிப் பின் வெடிப்பதுபோல் வெளிவிடுவதும் அந்த மூடும் தசைகளின் வலிமையால்தான்.

இத்தனை நுட்பமான காவலும் மூளையிலிருந்து வரும் நரம்புகளின் ஆணைக்குக் கட்டுப்பட்டது. பக்ஷவாதத்தால் அந்த ஆணை தடைப்பட்டாலும், பிரக்ஞை தப்பினாலும், வாசல் காவலின்றிக் கிடக்கும். என் பெரியப்பா பக்ஷவாதத்தில் விழுந்த அன்று, அவர் நா வறண்டுவிடுமே என்று பதறி, படுத்தபடியே இருந்தவர் வாயில் ஸ்பூன் ஸ்பூனாகப் பால் புகட்டினோம். அவர் இருமவில்லை; அதை நல்ல அடையாளம் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டோம். ஆனால் அவர் குரலோ நீருக்கடியிலிருந்து வருவதுபோல் கொழகொழவென்று ஒலித்தது. அதன் பொருள் எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. பால் நுரையீரலில் இறங்கியிருக்கிறது என்று வைத்தியர் சொன்னபோதுதான், உணர்ச்சியற்ற தொண்டை இருமுவதற்கும் சக்தியற்றுப் போகும் என்பதை அறிந்தோம்.

அன்று எங்களிடம் அன்புக்குக் குறைவில்லை, அறிவுக்குத்தான் குறைவிருந்தது. பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தவர் வாயில் சோடாவை ஊற்றுகிறவர்களும், வலிப்பு வந்தவருக்குத் தண்ணீர் புகட்டுகிறவர்களும் இரக்கமுள்ள மனிதர்களே. அவர்கள் கையைத் தடுக்கவேண்டியது கல்வியின் கடமை. விழுங்குதலைப் பற்றிய இந்தச் சிறு பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்பிக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பக்ஷவாத நோயாளி சரிவர விழுங்குகிறாரா என்று வைத்தியரோ பயிற்சி பெற்றவரோ சோதித்துப் பார்க்கும்வரை அவருக்கு மாத்திரையும் வேண்டாம், மடக்குத் தண்ணீரும் வேண்டாம். அதன்பின் ஆகாரம் கொடுக்கும்போதும் நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகே மறு வாய் கொடுங்கள். பிரக்ஞையற்றவர் மூச்சு விடுகிறாரா என்று முதலில் பாருங்கள். விடுகிறாரென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள். உதவி வந்து சேரும்வரை அவர் வாயில் ஒரு துளியும் ஊற்றாதீர்கள்.