“இளைச்சுட்டியே!” என்று பதறும் ஊரில்

விடிவதற்கு முன்பே மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். தினமும் அதே பெட்டி, அதே முகங்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என ஒவ்வொரு நிலையத்திலும் தோழர்கள் ஏறிக்கொள்கிறார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. வடைப் பொட்டலம் கைமாறுகிறது. ஒருவர் வேண்டாம் என்கிறார். “என்னப்பா, உடம்புக்கு முடியலையா?” என்று பக்கத்தில் இருப்பவர் நிஜமான கவலையோடு கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் ஒரு வரலாறு உண்டு. இது கோலார் தங்கவயல்; இங்கிருந்த தங்கச் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. பாறைத்தூளைச் சுவாசித்த தொழிலாளர்கள் பலரை சிலிகோசிஸ் நோய் உருக்கியது. தகப்பன் இருமி இருமி இளைத்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மெலிவு என்றால் நோய். “பூசினாப்ல இருக்கே” என்றால் பாராட்டு. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. உடலை முறித்து உழைத்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று ரயிலில் உட்கார்ந்து போய், உட்கார்ந்து வேலை பார்த்து, இரவு நேரங்கழித்துச் சாப்பிட்டுப் படுக்கிறார்கள். வாழ்க்கை மாறிவிட்டது, உடம்பைப் பற்றிய நம் சொற்கள் மாறவில்லை.

ஆகவே, எடை குறைக்க முயலும் நண்பருக்கு இங்கே முதலில் தேவை, அவர் முயற்சியைப் புரிந்துகொள்ளும் ஒரு சொல். “வாயைக் கட்டினால் போதும்” என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாளில் நான்கைந்து மணி நேரத்தை ரயிலுக்குக் கொடுப்பவரிடம் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகச் சொல்வதும் நியாயம் இல்லை. அவர் நாளுக்குள் அடங்காத இலக்கு, தோல்வியை முன்கூட்டியே எழுதிவைத்த இலக்கு.

எது இலக்கு?

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது; உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39.3 சதவீதம். இத்தனைக்கும் இவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. தராசு முள் அசையாத மாதங்களிலும் உடம்புக்குள் நன்மை நடக்கிறது என்பதை, சோர்ந்துபோன ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும்.

எடையும் குறைய வேண்டும் என்றால் கணக்கு எளிது. 80 கிலோ உள்ளவர் முதலில் 4 கிலோவை, அதாவது 5 சதவீதத்தை நினைத்தால் போதும். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் அவசரம் வேண்டாம். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு இன்னும் நல்ல அளவுகோல்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-க்குள் இருப்பது நல்லது. ஒரு டெய்லர் டேப் போதும்.

நண்பரால் முடிவதும் முடியாததும்

அதே குழுவினர் 2013-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரில் ஒரு பாதியினருக்குச் செல்பேசியில் ஊக்கக் குறுஞ்செய்திகள் போயின. இரண்டாண்டில் அவர்களில் 18 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. முகம் தெரியாத செய்திக்கே இத்தனை பலன் என்றால், தினமும் தோள் உரச உட்காரும் தோழனின் சொல்லுக்கு?

மிகைப்படுத்தவும் கூடாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளூர்க்காரர்களே வழிநடத்திய குழுக்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான முடிவு, நீரிழிவு குறைந்ததாக உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால், காய்கறியும் பழமும் சாப்பிடுவது கூடியது, குடிப்பது குறைந்தது. நட்பு நோயைத் தீர்க்கும் என்று சொல்ல முடியாது. பழக்கத்தை மாற்ற உதவும் என்று சொல்லலாம்.

எனவே ரயில் தோழர்கள் எடைக்குப் பந்தயம் கட்ட வேண்டாம், செயலைப் பகிர்ந்துகொள்ளட்டும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் சேர்ந்து நடக்கலாம். இறங்கிய பின் ஆட்டோவுக்குப் பதில் சுரங்கக் குடியிருப்பின் லைன் வீடு வரை நடந்தாலே அதில் பாதி வந்துவிடும். வடைப் பொட்டலத்துக்குப் பதில் சுண்டல் கைமாறலாம். ஒருநாள் தவறினால் கேலி செய்யாமல், “நாளைக்கு வா, காத்திருக்கேன்” என்று சொல்லலாம். சுகாதாரத் துறைக்கும் இதில் கடமை உண்டு. பகலில் ஊரில் இல்லாதவர்களுக்குப் பகல்நேர முகாமால் என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்தை ஒட்டியே சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை நடக்க வேண்டும்.

பழைய பதற்றத்தையும் முழுக்கத் தூக்கிப்போட வேண்டாம். முயலாமலே ஒருவர் இளைத்தால் அது காசநோயாகவோ நீரிழிவாகவோ இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். முயன்று இளைப்பவரிடம் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்போம்: “இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தே? நாளைக்கு நானும் வரட்டுமா?”