படிக்கட்டில் நீர் தெளிப்பான் ஏன் இல்லை?

பேரங்காடியில் அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க ஸ்பிரிங்கிளர் எனப்படும் நீர் தெளிப்பான்கள் தெரியும். அதே கட்டடத்தின் அவசரப் படிக்கட்டுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மேம்பாட்டாளர் காசை மிச்சம் பிடித்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும்.

அது முழு உண்மையல்ல. பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 13, தீப்பற்றாத பொருளால் கட்டிய மூடிய படிக்கட்டுக்கு உச்சியில் ஒன்று, அடித்தளத்துக்கு மேலுள்ள முதல் படித்தளத்தின் கீழ் ஒன்று என்ற அளவில் தெளிப்பான் கேட்கிறது. இடையிலுள்ள மாடிகளுக்குப் பொதுவாக வேண்டாம் என்கிறது. சிமெண்டுச் சுவரும் சிமெண்டுப் படியும் எரியாது. எரிய அங்கே வேறு பொருளும் இல்லை. கதவு தானாக மூடிக்கொள்ளும். படிக்குக் கீழே சாமான் வைத்தால் மட்டும் அங்கே தெளிப்பான் வேண்டும்.

ஆக, படிக்கட்டு காலியாக இருக்கும், கதவு மூடியிருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட விதி இது. நம் அடுக்குமாடிகளில் அந்த நம்பிக்கை எந்த லட்சணத்தில் இருக்கிறது?

பழைய மெத்தை, உடைந்த அலமாரி, செருப்பு ரேக், சைக்கிள். படிக்குக் கீழே மோட்டார் சைக்கிள். வெளியே விட்டால் காணாமல் போகும் என்ற பயம். காற்று வரட்டும் என்று தீத்தடுப்புக் கதவுக்கு ஒரு செங்கல். நம்மவர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. தோட்டத்து லயத்தில் வீட்டுக்குப் பின்னால் சாமான் போட இடம் இருந்தது. 700 சதுர அடி பிபிஆர் வீட்டில் அது எங்கே?

ஆனால் ஒரு மெத்தை எரிந்தாலே போதும். மூடிய படிக்கட்டு புகைபோக்கியாகி, மேல்மாடிக்காரர்கள் இறங்கும் வழியெல்லாம் புகை நிரம்பிவிடும். 2017 ஜூன் 14ஆம் தேதி லண்டனின் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் மாண்டனர். 24 மாடிக்கு ஒரே ஒரு படிக்கட்டு. அதற்குள்ளும் புகை புகுந்தது. அங்கே தீ பரவியதற்கு வெளிச்சுவரின் மேலுறைதான் முக்கியக் காரணம் என்றாலும், இருந்த ஒரே வழியில் புகை சூழ்ந்தது பலருக்குத் தப்பிக்கும் வாய்ப்பைக் கெடுத்தது. வீடுகளில் நீர் தெளிப்பானும் கிடையாது. அதன் பிறகு இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேற்பட்ட புதிய அடுக்குமாடிகளுக்கு நீர் தெளிப்பான் கட்டாயமானது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. படிக்கட்டு, படித்தளம், நடைபாதை எதையும் அடைக்கக்கூடாது என்று ஸ்ட்ராத்தா துணைவிதிகள் சொல்கின்றன. தீ அபாயத்தை அகற்றச் சொல்லி அறிவிக்கை கொடுக்க 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டம் பொம்பாவுக்கு அதிகாரம் தருகிறது. வாடகை வீடென்றால் பொறுப்பு வீட்டு உரிமையாளரான ஊராட்சி மன்றத்திடமோ மாநில அரசிடமோ போகும்.

இருந்தும் கூட்டு நிர்வாக மன்றக் கூட்டங்களில் பராமரிப்புக் கட்டணமும் லிஃப்டும் பேசியே நேரம் முடிந்துவிடுகிறது. பழைய அடுக்குமாடியில் குழாய் பதித்து, தொட்டியும் பம்பும் வைத்து நீர் தெளிப்பான் அமைக்கப் பெரும்பணம் வேண்டும். கட்டணம் பாக்கியுள்ள இடங்களில் அது நடக்கிற காரியமா என்பது சந்தேகமே. மாதம் ஒருமுறை பெரிய குப்பைகளை அள்ள ஒரு லோரி, கீழே பூட்டு போடக்கூடிய மோட்டார் சைக்கிள் கொட்டகை, தானாக மூடாத கதவுகளுக்குப் புதிய சுருள்வில். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இந்த மூன்றையும் கேட்கலாம். சாமானை எடுங்கள் என்று நோட்டீஸ் மட்டும் ஒட்டிவிட்டுப் போகும் நிர்வாகத்திடம், எடுத்து எங்கே வைப்பது என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.