கானுள் இறங்குவோனுக்குக் கவசம் எங்கே?

மாரி பிறந்துவிட்டால் கல்முனைக் கரையோரத்தில் எல்லோர் வாயிலும் வடிகான் என்ற சொல்லே அடிபடுகின்றது. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, இடையே நெருங்கி அமைந்த ஊர்கள். மருதமுனை தொடக்கம் பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வரை நிலம் பெரும்பாலும் மட்டமானது. வானம் பொழியும் நீர் தானாக ஓடிக் கடலைச் சேர்ந்துவிடுவதில்லை. அதற்கு வழி செய்துவிட வேண்டும். அவ்வழி அடைபட்டால் முற்றத்தில் நீர், கடையில் நீர், பள்ளிக்கூடத்தில் நீர். அப்பொழுது மன்றத்தைக் குறை சொல்கின்றோம். பொறியியலாளரைக் குறை சொல்கின்றோம். ஆனால், அடைப்பை நீக்க அந்தக் கானுள் இறங்குகின்றவன் எதை உடுத்து இறங்குகின்றான் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

இக்கேள்வி அற்பமானதன்று. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம், வெறுங்கால், வெறுங்கை, கையில் ஒரு மண்வெட்டி: இக்கோலத்தில் ஒருவன் கானுள் நிற்பதைக் காணாதவர் கிழக்கிலங்கையில் இருக்க முடியாது. எந்த ஊர், எந்த மன்றம் என்று சுட்ட வேண்டிய தேவையும் இல்லை. கண்டு கண்டு நமக்குப் பழகிவிட்டது. பழகிப்போனதாலேயே அநீதி நீதியாகிவிடாது.

அந்த நீரில் இருப்பது என்ன? உடைந்த போத்தலும் துருப்பிடித்த தகரமும் கண்ணுக்குத் தெரிவன. தெரியாதது எலியின் சிறுநீருடன் கலந்து வரும் கிருமி. பாதத்தில் ஒரு கீறல் இருந்தாற் போதும். நெடுநேரம் நீரில் ஊறி மென்மையான தோலும் போதும். கண்ணும் வாயும் அதற்குத் திறந்த வாசல்கள். உடலுட் புகுந்தால் காய்ச்சல், தசைநோவு, கண் சிவப்பு என்று தொடங்கி, சிலரிடத்தில் சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் தாக்கி உயிரையே குடித்துவிடும். இதுவே எலிக்காய்ச்சல். 2008இல் இந்நாட்டில் 7000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர் என்று ஐயுறப்பட்டது; 200 பேர் வரையில் மாண்டனர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சலும் இதுவே என்று உறுதிப்பட்டது.

விவசாயப் பெருமக்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வட்டைக்குள் இறங்கிச் சேறு மிதிப்பவனுக்கும் நகரத்துக் கானுள் இறங்குபவனுக்கும் எதிரி ஒருவனே. சம்மாந்துறை வயலின் எலியும் கல்முனைச் சந்தையின் எலியும் ஒரே நஞ்சைத்தான் நீரில் விடுகின்றன. ஆதலின், இது யாரோ நாலு கூலியாட்களின் வழக்கு அன்று. நம் எல்லோருடைய வழக்குமாகும்.

இதற்குக் கவசம் இல்லையா? உண்டு. அதுவும் நம் நாட்டிலேயே உண்டு. பிரேசிலின் விதையிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள எனரத்கொடைத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. 1952இல் சீனத்துடன் உடன்படிக்கை செய்து இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றது இந்நாடு. இன்றும் இலங்கையிற் செய்த இறப்பர்க் கையுறைகள் கப்பலேறிப் பல தேசங்களுக்குப் போகின்றன. அந்நியன் கையை நனையாமற் காக்கின்ற நாட்டில், நம் ஊர்த் தொழிலாளியின் கை மட்டும் ஏன் கழிவுநீரில் ஊற வேண்டும்?

நீர் புகாத துணி ஏதோ நேற்று வந்த அதிசயமும் அன்று. எண்ணெயும் மெழுகும் பூசிய துணியைக் கடலோடிகள் நெடுங்காலமாக அறிவர். இசுக்கொத்லாந்தின் சார்ள்சு மக்கின்ரொசு இரு துணிகளுக்கிடையே இறப்பரைப் பூசி ஒட்டும் முறைக்கு 1823இல் உரிமை பெற்றார். வெயிலில் இளகியும் குளிரில் விறைத்தும் போன இறப்பரைக் கந்தகமிட்டுச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான சார்ள்சு குட்இயர் 1844இல் உரிமை பெற்றார். இருநூறு ஆண்டு பழமையான ஒரு பொருள் நம் கானோரத்துக்கு இன்னும் வந்து சேரவில்லையென்றால், குறை விஞ்ஞானத்தில் இல்லை.

என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுவோம். முழங்காலுக்கு மேலெட்டும் இறப்பர்ச் சப்பாத்து. அதன் அடியில் ஆணியும் கண்ணாடியும் ஊடுருவாத உருக்குத் தகடு. முழங்கை வரை மூடும் தடித்த கையுறை. தைத்த இடங்களை உருக்கி ஒட்டியோ பட்டி வைத்து அடைத்தோ செய்த மேலாடை. ஊசி போன துளை வழியே நீரும் போகும். ஆகவே, வெறும் தையலிட்ட மலிந்த மழைக்கோட்டு இவ்வேலைக்கு உதவாது. காற்சட்டையின் விளிம்பு சப்பாத்தின் வெளியே விழவேண்டும். உள்ளே செருகினால் வழியும் நீரெல்லாம் சப்பாத்துள் இறங்கும். கண்ணுக்கு மூடிய கண்ணாடி வேண்டும். காயத்துக்கு நீர் புகாத கட்டு வேண்டும். வேலை முடிந்ததும் கழுவச் சவர்க்காரமும் நல்ல நீரும் வேண்டும். கழுவிய இறப்பரை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலிற் கிடந்தால் வெடித்துவிடும்.

எனினும், ஆடை கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. மார்பளவு எட்டும் இறப்பர் உடுப்பு ஓடும் வெள்ளத்தில் நீர் நிறைந்தால், அணிந்தவனை எழவிடாது, கவசமே பொறியாகும். மூடிய கானுள் தங்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு முதலில் நாறும். செறிவு கூடியதும் மூக்கு உணர்விழந்து நாற்றமே தெரியாது போய்விடும். அதற்கு எந்தச் சப்பாத்தும் காவலன்று. காற்றைச் சோதிக்கும் கருவி, மேலே இழுத்தெடுக்கக் கயிறு, வெளியே காவல் நிற்கும் ஆள் ஆகியவையும் வேண்டும். இவை இல்லையெனில் உள்ளே இறங்கக் கூடாது.

வெள்ளத்தின் வேகத்தை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை அது கொண்டுபோன துயரம் இக்கரையோரத்தின் நெஞ்சில் இன்னும் ஆறாதிருக்கின்றது. அதே ஆண்டு ஜூலை 13ஆம் நாள், கேரளத்துத் திருவனந்தபுரத்தில் புகையிரத நிலையத்தின் அடியாற் செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர், மழையால் திடீரெனப் பெருகிய நீரில் அடிபட்டுப் போனார். மூன்றாம் நாள் உடலே கிடைத்தது. மழை இரையும்பொழுது கானுள் ஆளை இறக்கலாகாது என்ற ஒரு விதி, கடைப்பிடிக்கப்பட்டால், ஆயிரம் சப்பாத்துகளுக்குச் சமமாகும்.

சட்டம் என்ன சொல்லுகின்றது? நம் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டினது. அதன் பெயரே அதன் எல்லையைக் காட்டுகின்றது: காவல் தொழிற்சாலைக்கு. கானுக்குக் கூரையுமில்லை, வாயிற்படியுமில்லை. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்து நேர்ந்த பின்னர் வருவது. முன்னே நின்று காப்பதன்று. அன்றியும், கை முறிந்தால் கண்ட சாட்சி உண்டு. பத்து நாள் கழித்து வரும் காய்ச்சலுக்கு யார் சாட்சி? ஏழை விதவை ஒருத்தி எந்தக் கானின் எந்த நீர் தன் கணவனைக் கொன்றது என்று எங்ஙனம் நிரூபிப்பாள்?

வேலை கொள்வோன் தகுந்த ஆட்களையும் தகுந்த கருவிகளையும் பாதுகாப்பான வேலைமுறையையும் தரக் கடமைப்பட்டவன். அக்கடமையைப் பிறர் தலையில் ஏற்றித் தப்ப இயலாது என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1937இலேயே ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கில் தீர்ப்பளித்தது. ‘வேலையை ஒப்பந்தகாரரிடம் கொடுத்துவிட்டோம்’ என்று கைகழுவுவோர் இத்தத்துவத்தை எண்ணிப் பார்க்கட்டும். இந்தியாவில், காப்புச் சாதனமின்றி மனிதரைச் சாக்கடையுள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அங்கு உயர்நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றம், இறந்தோர் குடும்பத்துக்கு 2014இல் 10 இலட்சம் ரூபாவும், 2023இல் 30 இலட்சமும் வழங்குமாறு பணித்தது. இருந்தும் மரணங்கள் ஓயவில்லை. ஏட்டில் உள்ள சட்டம் காலுக்குச் சப்பாத்தாகாது. கண்காணிப்பும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

‘கொடுத்தாலும் அவர்கள் அணிவதில்லையே’ என்பர் சிலர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. அளவு பொருந்தாத சப்பாத்தை எவன் அணிவான்? நம் வெயிலில் காற்றுப் புகாத உடுப்புள் நான்கு மணிநேரம் எவன் நிற்பான்? அளவெடுத்துக் கொடுங்கள், அதிகாலையில் வேலையைத் தொடங்குங்கள், அரைமணிக்கொருமுறை ஓய்வும் குடிநீரும் அளியுங்கள், பின்னர் குறை கூறுங்கள். ‘பணம் இல்லை’ என்பர் வேறு சிலர். திறப்பு விழாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் கிடைக்கும் பணம் கையுறைக்கு மட்டும் கிடையாது போகும் மாயம் நமக்கு விளங்கவில்லை.

நாம் கேட்பன நான்கே. மன்றங்களின் வரவு செலவுத் திட்டத்தில் காப்பாடைக்கெனத் தனித் தலைப்பு வேண்டும். ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றிலும் அது நிபந்தனையாக வேண்டும். மாரிக்கு முன்னர் சுகாதார வைத்திய அதிகாரியின் ஆலோசனைப்படி, வயலில் இறங்குவோர்க்கும் கானில் இறங்குவோர்க்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை வீடு தேடி வர வேண்டும். எலிக்காய்ச்சலால் மாளும் கான் தொழிலாளியின் நோய், மறுப்போர் மறுத்து நிரூபிக்கும்வரை, தொழிலால் வந்ததென்றே கொள்ளுமாறு சட்டம் திருத்தப்பட வேண்டும்.

நிருவாக எல்லைகளைப் பற்றி நாம் எவ்வளவோ வாதாடுகின்றோம். கானின் நீர் எல்லைக்கல்லைக் கண்டு நிற்பதில்லை. தமிழன் வீட்டு வாசலாலும் முஸ்லிம் வீட்டு வாசலாலும் ஒரே கடலை நோக்கியே போகின்றது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்ற நபிமொழியை அறிந்த ஊர்கள் இவை. உழைப்போனைத் தொழும் பொங்கலைக் கொண்டாடும் ஊர்களும் இவையே. அடுத்த மாரிக்குள் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் விவசாயச் சங்கத்தினரும் தத்தம் மன்றத்துப் படியேறி ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: எத்தனை பேர் கானுள் இறங்குகின்றார்கள், எத்தனை சோடிச் சப்பாத்து இருக்கின்றது? இரண்டு எண்களும் ஒன்றாகும் வரை நாம் ஓயலாகாது.