திப்பியில் இருக்கிறது கோழித் தீவனம்

மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவுப்பால் பிழிந்தெடுத்த பிறகு, சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். காய்ந்த திப்பியில் ஏறத்தாழப் பாதி மாவுச்சத்துதான். புரதம் மிகக் குறைவு. களத்தில் உலர்த்தி, மாட்டுத் தீவனமாக மலிவு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். மழையில் சிக்கினால் பூசணம் பிடித்து அதற்கும் உதவாது.

அதே வட்டாரத்தின் முட்டைக்கோழிப் பண்ணைகளோ புரதத்துக்கு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்தின் சோயாப் புண்ணாக்கை எதிர்பார்த்திருக்கின்றன. 2021இல் சோயா விலை எகிறியபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. பண்ணையாளர்களை இப்படிப் பரிதவிக்க விடாமல், உள்ளூரிலேயே ஒரு புரத ஆதாரத்தை உருவாக்கத் தமிழக அரசு முன்வர வேண்டும்.

அதற்கான வழி ஈஸ்ட். உருளைக்கிழங்கு ஆலைக் கழிவுக்காக சுவீடனில் உருவான ‘சிம்பா’ முறையில் இரண்டு ஈஸ்ட்கள் சேர்ந்து உழைக்கின்றன. ஒன்று மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும்; டோருலா என்னும் மற்றொன்று அந்தச் சர்க்கரையை உண்டு பெருகும். யூரியாவோ அம்மோனியாவோ தரும் நைட்ரஜனை அது புரதமாக்கிவிடுகிறது. காற்றோட்டம் சரியாக இருந்தால் 2 கிலோ சர்க்கரைக்கு சுமார் 1 கிலோ உலர் ஈஸ்ட் கிடைக்கும். அதில் கிட்டத்தட்டப் பாதி புரதம். இதே முறையில் ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் ஈரத் திப்பியை அப்படியே பயன்படுத்தலாம் என்பதால், களமும் வெயிலும் தேவையில்லை.

இது சோதனைக்கூடக் கனவல்ல. முதல் உலகப்போரில் ஜெர்மனி பீட்ரூட் சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகில் ஈஸ்ட் வளர்த்தது. இரண்டாம் உலகப்போரில் முற்றுகைக்குள்ளான லெனின்கிராடில் மரச் செல்லுலோஸிலிருந்து ஈஸ்ட் தயாரித்து உணவுப் பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்டினார்கள். கியூபா கரும்பாலைக் கழிவுப்பாகில் டோருலா வளர்த்துப் பன்றிகளுக்குக் கொடுத்தது.

அப்படியானால் ஏன் பரவவில்லை? போட்டியாக வந்த சோயா மலிவாக இருந்தது. காற்றை உள்ளே செலுத்தவும் ஈஸ்ட்டை உலர்த்தவும் மின்சாரமும் எரிபொருளும் நிறையச் செலவாகும். இந்தக் கணக்கை மறைத்துத் திட்டம் போட்டால் அது தோற்கும். ஈஸ்ட்டில் நியூக்ளிக் அமிலம் அதிகம் என்பதால், மனிதர்கள் அதிகம் உண்டால் யூரிக் அமிலம் கூடும். எனவே கோழித் தீவனமாகத் தொடங்குவதே நல்லது. ஈஸ்ட்டில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. ஆனால் சோயா கலந்த தீவனத்திலும் பண்ணைகள் அதைத் தனியே சேர்த்துத்தான் வருகின்றன. மரவள்ளியில் எஞ்சும் சயனைடு அளவை மட்டும் தொகுதிதோறும் சோதித்தாக வேண்டும்.

சிறு ஆலைகள் தனித்தனியே இதைச் செய்ய முடியாது. ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வழியாக ஒரு பொது ஆலையை அரசு நிறுவலாம். திருவனந்தபுரத்தின் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுபவம் இதற்குக் கைகொடுக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஒரு முழு முட்டையிடும் பருவத்துக்கு இந்தத் தீவனத்தைச் சோதித்து, முட்டை எடையையும் கிலோவுக்கான அடக்கவிலையையும் வெளியிட வேண்டும். திப்பியை நம்பி மாடு வளர்ப்போருக்கான பங்கையும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.