ஆஸ்பத்திரி கட்டினால் போதுமா?

தேர்தல் நேரத்தில் நம் ஸ்ரீராம்புரம் தெருமுனைகளில் ஒலிபெருக்கி வைத்துப் பேசும் கட்சிகள் ஆயிரம் விஷயங்களில் மோதிக்கொள்ளும். ஒரு வாக்குறுதியில் மட்டும் எல்லாக் கட்சிகளும் ஒற்றுமை: பெரிய ஆஸ்பத்திரி கட்டித் தருவோம். நாமும் கைதட்டுகிறோம். கட்டிய பிறகு அதை நடத்த ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும் என்று எவரும் கேட்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாமலேயே நம்மைக் காப்பாற்றக்கூடிய சின்ன மருத்துவமனைக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்றும் கேட்பதில்லை. இந்த இரண்டு கேள்விகளும் நம்மவர்கள் வாயில் வரவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

நான் டாக்டர் அல்லேன். பொருளாதாரம் படித்தவனும் அல்லேன். டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் 36 ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

ரயில்வேயில் கீமேன் என்று ஓர் ஊழியர் உண்டு. சுத்தியலும் ஸ்பானரும் தூக்கிக்கொண்டு, வெயிலோ மழையோ, நாள்தோறும் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்ப்பார். கழன்ற சாவியை அடித்து இறுக்குவார். விரிசல் கண்டால் சிவப்புக் கொடி காட்டுவார். அவரைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வராது. அதே ரயில்வேயில் பெரிய கிரேனுடன் விபத்து நிவாரண ரயிலும் உண்டு. அது புறப்பட்டால் ஊரே பார்க்கும். கிரேன் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கீமேன் பணியிடங்களைக் காலியாக விட்டுவிட்டு, கிரேனுக்கு மேல் கிரேன் வாங்கிக் குவிக்கும் ரயில்வேயை நம்பி யார் வண்டி ஏறுவார்?

ஆரம்ப சுகாதார நிலையம்தான் மருத்துவத்தின் கீமேன். தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, காசநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது எல்லாம் அங்கே நடக்கும் வேலை. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சுதந்திரத்துக்கு முன்பே, 1946ஆம் ஆண்டில், சர் ஜோசப் போர் தலைமையிலான குழு ஆரம்ப சுகாதார நிலையங்களை நாடு முழுவதும் அமைக்கச் சொன்னது. 1978இல் அல்மா அட்டா நகரில் கூடிய உலக நாடுகள், எல்லோருக்கும் ஆரோக்கியம் வேண்டுமானால் ஆரம்ப சுகாதாரமே வழி என்று கையெழுத்திட்டன. கையெழுத்துக்குக் குறைவில்லை. பணம்தான் பின்னால் வரவில்லை.

எவ்வளவு செலவு?

தேசிய சுகாதாரக் கணக்கு என்று மத்திய அரசே வெளியிடும் அறிக்கை உண்டு. அதன்படி 2014-15இல் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.13 சதவீதம். கொரோனா ஆண்டான 2021-22இல் அது 1.84 சதவீதமாயிற்று. 2025ஆம் ஆண்டுக்குள் 2.5 சதவீதத்தை எட்டவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை எழுதி வைத்திருந்தது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப சுகாதாரத்துக்குப் போகவேண்டும் என்றது. 2019-20 கணக்கில் அந்தப் பங்கு சுமார் 56 சதவீதம்.

முன்னேற்றமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்தது 2014-15இல் 62.6 சதவீதம், 2021-22இல் 39.4 சதவீதம். இறங்கியிருக்கிறது, நல்லது. ஆனால் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய் நோயாளியே கொடுக்கவேண்டும் என்றால், தினக்கூலிக் குடும்பத்துக்கு அது கடன் பத்திரம்தான்.

நம்மைவிட ஏழை நாடுகளின் நிலை இன்னும் மோசம். 2001இல் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், வரவு செலவுத் திட்டத்தில் 15 சதவீதத்தை மருத்துவத்துக்கு ஒதுக்குவதாக உறுதி எடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அதை எட்டவே இல்லை. லான்செட் இதழ் அமைத்த வல்லுநர் குழு 2022இல் சொன்ன கணக்குப்படி, மிக ஏழை நாடுகளில் அரசு ஆரம்ப சுகாதாரத்துக்குச் செலவிடுவது ஆள் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 3 டாலர். இந்தியாவைப் போன்ற கீழ்நடுத்தர வருமான நாடுகளில் சுமார் 16 டாலர்.

எங்கே செலவு?

எவ்வளவு என்பதைப் போலவே, எங்கே என்பதும் முக்கியம். எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மாள் ஒருவர். தமக்குச் சர்க்கரை இருப்பது அவருக்கே தெரியாது. காலில் வந்த சிறு புண் ஆறாமல் அழுகி, இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. அறுவைச் சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டு அட்டை உதவியது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கானது. வீட்டுக்கு வந்தபின் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அது செல்லாது. மகன் வட்டிக்கு வாங்கினார். தொடக்கத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரை கொடுக்க ஓர் இடம் இருந்திருந்தால் கால் விரலும் மிஞ்சியிருக்கும், அரசாங்கப் பணமும் மிஞ்சியிருக்கும்.

2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்கு இரண்டு கைகள். ஒன்று, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு. மற்றொன்று, ஒன்றரை லட்சம் நலவாழ்வு மையங்கள். முதல் கை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது கையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

பிறந்து ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகளின் கணக்கைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு இந்தியா 28, கர்நாடகம் 19, தமிழ்நாடு 13, கேரளம் 6. வாழவைத்த கன்னட மண்ணைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் நூறாண்டுகளாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித் துறை இருக்கிறது; 1939இலேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கிராமத்து நிலையம் வரை கொண்டு சேர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நம்மில் பலருக்கு ஊரில் உள்ள பெற்றோர் சொல்லியே இது தெரிந்திருக்கும். கர்நாடகத்தால் முடியாத காரியம் இதில் ஒன்றும் இல்லை.

எத்தனை நாளைக்கு?

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி. இதற்கு இலங்கை சொல்லும் பாடத்தைவிடத் தெளிவான பாடம் வேறு இல்லை.

இலங்கையில் 1926ஆம் ஆண்டிலேயே களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. குடும்ப நலத் தாதியர் வீடு வீடாகப் போனார்கள். பணக்கார நாடு அல்ல. ஆனாலும் தாய் சேய் மரணத்தை நம்மைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டியது. மலேரியாவிலும் சாதனைதான். 1934-35இல் பல்லாயிரம் பேரைக் கொன்ற நோய், 1963இல் நாடு முழுவதும் 17 பேரிடம்தான் காணப்பட்டது. நோய் போய்விட்டது என்று மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் மலேரியா! மீண்டும் பாடுபட்டு, 2016இல்தான் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. தண்டவாளம் நன்றாக இருக்கிறதே என்று கீமேனை வீட்டுக்கு அனுப்பினால் நடப்பது இதுதான்.

நம் பெங்களூருக்கு வருவோம். 2022 டிசம்பரில் கர்நாடக அரசு 'நம்ம கிளினிக்' திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத்துக்கு 438, அவற்றில் 243 அன்றைய பெங்களூரு மாநகராட்சியின் வார்டுகளுக்கு என்பது திட்டம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஓர் இரத்தப் பரிசோதனையாளர், ஓர் உதவியாளர். சோதனையும் மருந்தும் இலவசம். நம்மைப் போன்று பிழைக்க வந்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை வேண்டும். நம்மவர்களில் சிலருடைய அட்டை இன்னும் தர்மபுரியிலோ திருப்பத்தூரிலோ இருக்கும். கிளினிக்குக்கு நோய் ஒன்றே போதும்.

ஆனால் இந்தப் பணத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? 15ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகள் வழியாக மருத்துவத்துக்கு ஒதுக்கிய 70,051 கோடி ரூபாய் மானியத்திலிருந்து. அந்த மானியம் 2021-22 முதல் 2025-26 வரை ஐந்தாண்டுகளுக்கு. மானியத்துக்குக் கடைசித் தேதி உண்டு. சர்க்கரை வியாதிக்குக் கடைசித் தேதி கிடையாது. கிளினிக் ஊழியர்களும் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களே. இப்படிப்பட்ட நிலையங்களை மாநிலமும் உள்ளாட்சியும் தம் சொந்த வருவாயில் நிரந்தரச் செலவாக ஏற்றுக்கொள்ளாவிட்டால், கட்டடம் நிற்கும், டாக்டர் இருக்கமாட்டார். 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியவுடன் ஆப்பிரிக்காவில் பல கிளினிக்குகள் மூடிக்கிடந்ததை உலகமே பார்த்தது. அடுத்தவர் பணத்தில் கீமேனுக்குச் சம்பளம் கொடுத்தால் அந்தக் கதிதான்.

நம் பங்கு என்ன?

"அரசாங்கக் கிளினிக்கா? அங்கே நல்ல மாத்திரை தரமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, நானூறு ரூபாய் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டு வருபவர்கள் நம்மில் ஏராளம். போகாத இடத்தைப் பற்றிக் குறை சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. கூட்டம் வராத கிளினிக்கை மூடுவது எந்த அரசுக்கும் சுலபம்.

எனவே வாசக அன்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. நாற்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் பக்கத்து அரசு கிளினிக்குக்குப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் இல்லை, மருந்து இல்லை என்றால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். நம் சங்கம் அவற்றைத் தொகுத்துக் கன்னட அன்பர்களையும் சேர்த்துக்கொண்டு சுகாதார அதிகாரியிடம் கொடுக்கட்டும். கிளினிக்குக்கு வரிசையில் நிற்பவரின் வியாதிக்கு மொழி கிடையாது.

மூன்றாவது, ஓட்டுக் கேட்டு வருகிறவர் பெரிய ஆஸ்பத்திரி கட்டுவேன் என்று சொன்னால், கைதட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இருக்கிற கிளினிக்கின் டாக்டர் சம்பளத்துக்கும் மருந்துக்கும் வருகிற பட்ஜெட்டில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?"