துயருக்குத் தரவரிசையா?

ஈப்போவுக்கு வடகிழக்கே, செமோருக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1911ஆம் ஆண்டு, அங்கே ஒரு மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று தொட்டு அவ்வூரின் பெயரே மலேசியர் நாவில் ஒரு வசைச்சொல்லாயிற்று. சற்றே மாறுபட்டு நடப்பவனைச் சுட்டி, “இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்” என்று சொல்லிச் சிரிப்பது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம். பின்னாளில் அம்மருத்துவமனைக்குப் ‘பஹாகியா’ என்று பெயர் சூட்டினர். மலாய் மொழியில் அதற்கு மகிழ்ச்சி என்பது பொருள். பெயர் மாறிற்று, ஏளனம் மாறவில்லை. அவ்வூரிலே பிறந்து, படித்து, உழைத்து, மணம் முடித்து வாழ்ந்தவர்கள், தங்கள் ஊரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் முகத்தில் தோன்றும் குறுநகையைப் பொறுத்துக்கொண்டே வாழ வேண்டியிருந்தது.

ஓர் ஊரின்மீது முத்திரை குத்துவது எளிது; அதனைத் துடைப்பது அரிது. இவ்வுண்மையை அறிந்தவர்கள், உலகெங்கும் பரவிவரும் ஒரு புதிய பழக்கத்தைக் கண்டு கவலைகொள்ளவே செய்வர். ஒரு நாட்டில், அல்லது ஒரு மாநிலத்தில், மகிழ்ச்சி குன்றிய நகரங்கள் எவை என்று கணக்கிட்டு, முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்தி வெளியிடும் பழக்கமே அது.

இப்பழக்கம் வேரூன்றி வளர்ந்த இடம் அமெரிக்கா. பொருளியல் அறிஞர் ஆர்தர் ஓக்கன், வேலையில்லாதோர் விழுக்காட்டையும் விலைவாசி ஏற்ற விழுக்காட்டையும் கூட்டி ‘துயர்க் குறியீடு’ ஒன்றை வகுத்தார். நாட்டின் பொருளியல் நலிவை ஒரே எண்ணில் காட்டும் எளிய கருவி அது. ‘போர்ப்ஸ்’ என்னும் வணிக இதழ் அக்கருத்தை நகரங்களின்மேல் ஏற்றி, 2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் துயர்மிகு நகரங்களின் பட்டியலை வெளியிட்டது. வேலையின்மை, குற்றம், வரி, பயண நேரம் ஆகியவற்றோடு வானிலையும், உள்ளூர் விளையாட்டு அணிகளின் தோல்வியும் கூட அக்கணக்கில் இடம்பெற்றன! வேலையிழந்த தந்தையின் கண்ணீரையும் பந்தாட்டத்தில் தோற்ற இரசிகனின் பெருமூச்சையும் ஒரே தராசில் இட்டு நிறுத்த எவ்வாறு மனம் வந்தது? 2008ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் டெட்ராய்ட் நகரத்திற்கே அந்த ‘முதலிடம்’ கிடைத்தது.

ஆசியாவில் இக்கருத்து உயர்ந்த நோக்கத்தோடுதான் பிறந்தது. நாட்டு மக்களின் மகிழ்ச்சியே நாட்டு வருவாயினும் பெரிது என்று பூட்டான் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 1970களில் அறிவித்தார். ஐக்கிய நாடுகள் அவை 2011ஆம் ஆண்டு அக்கருத்தை ஏற்றுத் தீர்மானம் இயற்றியது. 2012ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாளை உலக மகிழ்ச்சி நாளாக்கியது. அவ்வாண்டே உலக மகிழ்ச்சி அறிக்கையும் முதன்முதலாக வெளிவந்தது. மலேசியாவும் பின்தங்கவில்லை. நகர், ஊரகத் திட்டமிடல் துறை, ஊராட்சி மன்றங்களின் நிலையை அளக்கும் ‘முர்னிநெட்ஸ்’ கணிப்பிலே குடிமக்களின் மகிழ்ச்சியையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. புள்ளிவிவரத் துறையும் 2021ஆம் ஆண்டுக்கான மகிழ்ச்சிக் குறியீட்டை வெளியிட்டது.

அளப்பதே தவறு என்று கூறுவது அறியாமை. அளவுகோல் நேர்மையாக இருந்தால் அது ஏழையின் வழக்கறிஞராகும். மலேசியாவின் வறுமைக் கோடு இதற்குத் தக்க சான்று. ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 980 வெள்ளிக்குக் குறைந்தால்தான் அக்குடும்பம் ஏழைக் குடும்பம் என்று 2016ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். அக்கணக்கின்படி நாட்டின் வறுமை வெறும் 0.4 விழுக்காடு. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வருகை புரிந்த ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இக்கணக்கு நடைமுறைக்கு ஒவ்வாதது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். 2020ஆம் ஆண்டில் கோடு 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. உடனே 2019ஆம் ஆண்டின் வறுமை 5.6 விழுக்காடு என்று தெரியவந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒரே நாளில் ஏழைகளாகிவிடவில்லை. அவர்கள் முன்னரே அங்கு இருந்தார்கள். அளவுகோல்தான் அவர்களைக் காண மறுத்தது. ஆகவே வழக்கு அளவைக்கு எதிரானது அன்று. நகரத்தை ஓர் ஆளாகக் கருதி, அதற்கு ஒரே மதிப்பெண் இட்டு, வரிசையில் நிறுத்தும் முறைக்கு எதிரானது.

அம்முறையின் முதற்பிழை எல்லைக் கோட்டில் இருக்கிறது. டெட்ராய்ட் நகரில் 1950ஆம் ஆண்டில் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2010ஆம் ஆண்டில் எஞ்சியோர் ஏறத்தாழ 7 இலட்சம். வசதி படைத்தோர் பலர் நகர எல்லையைத் தாண்டிப் புறநகர்களில் குடியேறினர். அவர்கள் செலுத்திய வரியும் அவர்களோடு சென்றது. எல்லைக்குள்ளே ஏழைகள் மிஞ்சினர். பின்னர், ‘இதுவே துயர்மிகு நகரம்’ என்று முத்திரை குத்தப்பட்டது. கோடு சற்றே வெளியே தள்ளி வரையப்பட்டிருந்தால் அம்முத்திரை விழுந்திருக்குமா?

செமோரில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. ஈப்போ 1988ஆம் ஆண்டு மாநகரத் தகுதி பெற்றது. செமோரும் தஞ்சோங் ரம்புத்தானும் அந்த மாநகர் மன்றத்தின் ஆட்சி எல்லைக்குள் அடங்குகின்றன. சுண்ணாம்புக்கல் மலைகளும், காந்தான் சிமெண்டு ஆலையும், செம்பனைக் காடுகளும், தோட்டத்தை விட்டு வந்தோர் வாழும் குடியிருப்புகளும், ஈப்போ நகர நடுவிலுள்ள மாளிகைகளும் ஒரே எண்ணுக்குள் அடைக்கப்படுகின்றன. டெட்ராய்டின் எல்லை ஏழையைத் தனியே பிரித்து அவமதித்தது. ஈப்போவின் எல்லை ஏழையை உள்ளே இழுத்து மறைத்துவிடுகிறது.

இதனை விளக்கப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. நூறு வீடுகள் கொண்ட இரண்டு ஊர்களை எண்ணிப் பார்க்கலாம். முதல் ஊரில் 90 வீட்டார் பத்துக்கு எட்டு மதிப்பெண் தருகின்றனர். 10 வீட்டார் ஒன்றே ஒன்று தருகின்றனர். சராசரி 7.3. இரண்டாம் ஊரில் நூறு வீட்டாரும் ஏழு தருகின்றனர். சராசரி 7. தரவரிசைப்படி இரண்டாம் ஊரே மகிழ்ச்சி குன்றிய ஊர்! முதல் ஊரில் நெஞ்சுடைந்து கிடக்கும் பத்துக் குடும்பங்களைப் பற்றி அந்த வரிசை ஒரு சொல்லும் சொல்லாது. செமோர் வட்டாரத்துப் பழைய தோட்டத் தொழிலாளர் இந்தப் பத்து வீட்டாரே ஆவர்.

அவர்கள் எவ்வாறு இந்நிலைக்கு வந்தனர் என்பதும் எண்ணத்தக்கது. தோட்டத்திலே வேலை இருந்தவரைதான் லயத்து வீடும் இருந்தது. பால்மரம் வெட்டிய கை ஓய்ந்தால் கூரையும் கைவிட்டுப் போகும். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர் தெருவில் நின்றனர். அந்தக் கொடுமையைக் கண்டே, செமோருக்கு அடுத்த சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனையின் இடத்தில் பல ஊர்களில் தாமான்கள் எழுந்தன. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் இன்னொரு தூணும் சாய்ந்தது. இளைஞர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போயினர். தோட்டம் மறைந்த பின்னும் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் பெயர்ப் பலகையில் தோட்டத்தின் பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஓர் ஊரின் துயரத்தை முழுதும் அறிந்தவர்கள் அவ்வூரை விட்டு வெளியேறியவர்களே. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது அவர்கள் அங்கு இல்லை. எஞ்சியிருப்போரிடம் கேட்டு, ‘இவ்வூர் அமைதியானது, வாழ்வதற்கு ஏற்றது’ என்று எழுதிக்கொள்வது, மருத்துவமனையில் உயிர் பிழைத்தோரை மட்டும் விசாரித்து அங்கே சாவே இல்லை என்று முடிவு கட்டுவதை ஒக்கும்.

இரண்டாம் பிழை கேள்வியில் இருக்கிறது. உலக மகிழ்ச்சி அறிக்கை, ஹாட்லி கேன்ட்ரில் என்னும் உளவியல் அறிஞர் வகுத்த ஏணிக் கேள்வியையே கையாளுகிறது. சுழியம் முதல் பத்து வரை படிகளையுடைய ஏணியில் இன்று எந்தப் படியில் நிற்பதாக ஒருவர் கருதுகிறார் என்பதே அக்கேள்வி. ஆண்டுக்கு ஒரு நாட்டிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் இதற்கு விடையளிக்கின்றனர். 2020ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. அவ்விகிதப்படி ஆயிரத்தில் 67 பேர் இந்தியராக இருப்பர். அவர்களுள் பேராக்கின் பழைய தோட்டக் குடியிருப்பைச் சேர்ந்தோர் எத்தனை பேர்? ஒருவரா, இருவரா?

அந்த ஒருவரும் என்ன விடை சொல்வார்? நாற்பது ஆண்டுகள் பால்வெட்டிய ஒரு மூதாட்டியிடம் வாழ்க்கை எப்படி என்று கேட்டால், “பரவாயில்லை” என்பார். அந்தப் ‘பரவாயில்லை’ எத்தனை மதிப்பெண் பெறும்? வயிறார உண்டவரும் அதனைச் சொல்வர். நோயுற்ற மகனைத் திண்ணையில் கிடத்தி வைத்திருப்பவரும் விருந்தினர் முன் அதனையே சொல்வர். போதுமென்ற மனத்தைப் பொன்னாகப் போற்றும் மரபில் வந்தவர்கள், குறையைச் சொல்வதே குற்றம் என்று கருதுவர். நெடுங்காலம் வறுமையில் உழன்றோர் சிறியதையும் பெரிதாக எண்ணி அமைதியடையப் பழகிவிடுகின்றனர். அந்த அமைதியை நல்வாழ்வின் அளவாகக் கொள்ளலாகாது என்று பொருளியல் மேதை அமர்த்தியா சென் எச்சரித்தார். பொறுமை மிக்கவனுக்கு உயர்ந்த மதிப்பெண்ணும், உரிமை கேட்பவனுக்குத் தாழ்ந்த மதிப்பெண்ணும் அளிக்கும் அளவுகோல் யாருக்கு நன்மை செய்யும்?

மூன்றாம் பிழையே மிகக் கொடியது. தரவரிசை எவரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. உயர்ந்த இடம் பெற்ற ஊராட்சி மன்றம் விழா எடுக்கும். தாழ்ந்த இடம் பெற்றது கணக்கைக் குறை கூறும். வீடு விற்போர் ஒரு பட்டியலைக் காட்டி விலையை ஏற்றுவர். நிலம் வாங்குவோர் மற்றொன்றைக் காட்டி விலையைக் குறைப்பர். தஞ்சோங் ரம்புத்தானில் பிறந்தவர் சுமந்த அவப்பெயரை இனி வேறோர் ஊரில் பிறந்த குழந்தை சுமக்கும். சாலைக்கு விளக்கு வருமா? வராது.

“குறை கூறுவது எளிது, மாற்று என்ன?” என்று வினவுவோர் உளர். மாற்று உண்டு. நகரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதை விட்டு, ஒரே நகரத்துக்குள் குடியிருப்புக்குக் குடியிருப்பு ஒப்பிட வேண்டும். ஈப்போ எத்தனையாவது இடம் என்பதை விட, ஈப்போவின் நடுவில் வாழ்பவருக்கும் செமோரின் ஓரத்தில் வாழ்பவருக்கும் இடையே எத்தனை படி என்பதே தேவையான எண். சராசரியை வெளியிடுவோர், அடித்தட்டில் உள்ள பத்தில் ஒரு பங்கினரின் நிலையையும் உடன் வெளியிட வேண்டும். கேள்விகள் மக்களின் தாய்மொழியில் அமைய வேண்டும். மனநிலையை மட்டும் கேளாமல் வாழ்நிலையையும் கேட்க வேண்டும். குடியிருக்கும் வீடு சொந்தப் பெயரில் உள்ளதா? இரவில் நோய் கண்டால் ஈப்போ பொது மருத்துவமனைக்குச் செல்ல வழி உண்டா? பள்ளி முடித்த பிள்ளைக்கு இவ்வூரிலேயே வேலை கிடைக்குமா? இக்கேள்விகளுக்குப் ‘பரவாயில்லை’ என்று எவரும் விடை சொல்ல இயலாது. உண்டு அல்லது இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ‘இல்லை’ மிகுந்த குடியிருப்புக்கே அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் முதல் ஒதுக்கீடு என்று விதி செய்ய வேண்டும்.

கடைசிக் கேள்வி ஒன்றும் உண்டு. ஊரை விட்டுப் போனவர்களைத் தேடிப்பிடித்து, “ஏன் போனீர்கள்?” என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் விடையில் மதிப்பெண் இராது. செமோர் வட்டாரத்தில் பிறந்தவர் செமோரிலேயே வாழ்வதற்கு என்ன வேண்டியிருந்தது என்பது மட்டும் இருக்கும். அதைக் கேட்கத் துணிவில்லாதவர்கள், மகிழ்ச்சி என்னும் சொல்லை மருத்துவமனையின் பெயர்ப் பலகையோடு விட்டுவிடுவதே நன்று.