புறம் இருக்க 'அவுட்வர்டு' ஏன்?

நம் நாட்டுப் பள்ளிகள், கூட்டுறவுக் கழகங்கள், தனியார் நிறுவனங்கள் பலவற்றுள் எழுத்தர் மேசைமீது இரண்டு தடித்த ஏடுகள் கிடக்கக் காணலாம். ஒன்றன் முகப்பில் 'இன்வர்டு' என்றிருக்கும். மற்றொன்றன் முகப்பில் 'அவுட்வர்டு' என்றிருக்கும். எழுத்துத் தமிழ், சொல் ஆங்கிலம். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது 1916-இல். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இயற்றப்பட்டது 1956-இல். இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும், வரும் மடலுக்கும் போகும் மடலுக்கும் பெயர் வைக்க வக்கற்ற மொழிபோல் தமிழை நிறுத்தி வைத்திருக்கின்றோம்!

கேட்டால், "அச்சொல் எல்லார்க்கும் விளங்குகின்றதே; விளங்குவதை ஏன் மாற்ற வேண்டும்?" என்பர் படித்த பெருமக்கள். நன்று. விளங்குகின்றதா என்பதையே முதற்கண் ஆராய்வோம்.

'அவுட்' என்பது வெளி. 'வர்டு' என்னும் ஈறு, ஒரு பக்கமாகத் திரும்பியது என்னும் பொருளது. திரும்புதலைக் குறிக்கும் இலத்தீன வேர்ச்சொல்லோடு உறவுடையது. எனவே 'அவுட்வர்டு' என்பதன் அடிப்பொருள் வெளிநோக்கித் திரும்பியது என்பதாம். இவ்வொரு சொல் ஆங்கிலத்தில் மூன்று வேலை பார்க்கின்றது. ஒருவன் உள்ளத்தில் துயரிருக்க முகத்தில் அமைதி காட்டினால், அம்முகத் தோற்றத்தை அச்சொல்லால் அடைகொடுத்துக் கூறுவர், அது புறத்தோற்றம். ஊரைவிட்டுப் போகும் வழிச்செலவையும் அதனாற் குறிப்பர். அது மீளுதலுக்கு மறுதலையாகிய போதல். கதவு வெளிப்புறமாகத் திறக்கின்றது என்னுமிடத்தும் அதுவே வரும். ஆண்டு அது வினைக்கு அடை. வினையடையாகுங்கால் ஆங்கில நாட்டார் ஈற்றில் ஒரு சகரவொலி சேர்த்து எழுதுதல் பெருவழக்கு. அமெரிக்கர் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. பெயரடையாகுங்கால் இருவருமே சேர்ப்பதில்லை.

இவற்றுள் எதனை நம் எழுத்தர் அறிவார்? மடல் அனுப்பும் ஏட்டின் பெயர் என்ற ஒன்றையே அறிவார். ஆங்கிலச் சொல்லின் உயிரை அங்கேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் தூக்கிவந்து தமிழ் நடுவே கிடத்தியிருக்கின்றோம். இதனால் தமிழும் கெட்டது. ஆங்கில அறிவும் வளரவில்லை. கப்பல் துறைவிட்டுப் புறப்படுதலைக் குறிக்கும் 'அவுட்வர்டு பௌண்டு' என்னுந் தொடரை எடுத்துக்கொள்க. 1941-இல் வேல்சு நாட்டு அபர்தோவியில் தொடங்கிய இளைஞர் பயிற்சிப் பள்ளிக்கு இதுவே பெயராயிற்று. இதிலுள்ள 'பௌண்டு' கட்டுதலன்று. அணியமாதலைக் குறிக்கும் பழைய நோர்சு மொழிச் சொல்லின் வழிவந்தது. ஏட்டு முகப்பில் மட்டும் 'அவுட்வர்டு' பயின்ற மாணவன் இத்தொடரை 'வெளியே கட்டப்பட்டது' என்றே பெயர்ப்பான். ஆங்கிலத்தை ஆங்கிலமாகக் கற்பதை யாம் மறுக்கவில்லை; அரைகுறையாய்க் கலந்து இரண்டையும் இழப்பதையே மறுக்கின்றோம்.

இனித் தமிழைப் பார்ப்போம். வெளிநோக்கிய இயக்கம் தமிழுக்குப் புதிதா? புறம் என்னும் ஒரு சொல்லே போதும். வீட்டைவிட்டுக் கிளம்புவது புறப்படுதல். திருவிழாவில் இறைத் திருமேனி வெளிவருவது புறப்பாடு. பகைவர்க்கு முதுகிடுவது புறங்காட்டுதல். ஒருவன் இல்லாவிடத்து அவனைப் பழிப்பது புறங்கூறுதல். வாழ்க்கையையே அகம், புறம் என இரண்டாக வகுத்துப் பாடிய இனம் இது. அவ்வினத்தின் பிள்ளைகள்தாம் இன்று ஒரு கணக்கேட்டின் பெயருக்கு வெள்ளையன் வாயைப் பார்க்கின்றனர்!

செலவு என்னுஞ் சொல்லையும் எண்ணுக. இன்று அது பணம் போவதை மட்டும் குறிக்கின்றது. பண்டு அது போதலையே குறித்தது. பிரியத் துணிந்த தலைவன் போகாது தயங்கி நிற்றலைச் செலவழுங்கல் என்றனர் அகப்பொருள் நூலார். வரவு என்பது உள்வருவது. செலவு என்பது வெளிச்செல்வது. 'வரவு செலவு' என்று சிற்றூர்ப் பெட்டிக்கடைக்காரர் எழுதுகின்றாரே, அதுதான் ஐயா உங்கள் 'இன்வர்டும் அவுட்வர்டும்'! ஏரிக்கு நீர் கொணர்வதை வரத்துக்கால் என்றான் உழவன். சாலையில் வண்டிகள் செல்வதையும் வருவதையும் போக்குவரத்து என்று அனைவரும் சொல்கின்றோம். எழுத்தறியாதவனிடம் இருக்குஞ் சொல் பட்டம் பெற்றவனிடம் இல்லையாம்!

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. எது உள், எது வெளி என்பது நிற்குமிடத்தைப் பொறுத்தது. இவ்வுண்மையைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்திலேயே இலக்கணமாக்கி வைத்தார். செலவு, வரவு, தரவு, கொடை என நான்கை எடுத்து, வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்றும் வரையறுத்தார். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான். ஆனால் அவனுக்குக் கொடுத்தான். என்னிடம் வந்தது, உன்னிடம் வந்தது. ஆனால் அவனிடம் சென்றது. பொருள் எத்திசை நோக்கிப் போகின்றது என்பதை வினைச்சொல்லே காட்டிவிடும். 'வர்டு' போல் ஒட்டு வேண்டா. தருதலுக்கும் கொடுத்தலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மலையாளத்தார் இன்றும் பேச்சிற் காத்து வருகின்றனர். 'அவனுக்குத் தந்தேன்' என்று நாமே நெகிழ விட்டோம்.

நிற்குமிடத்தை மறைக்கும் சொல்லால் என்ன கேடு விளையும் என்பதற்கு வைப்பகமே சான்று. பிறர் கொடுத்த காசோலையை ஒருவர் தம் கணக்கிற் செலுத்துகின்றார். அவர்க்கு அது வரவு. வைப்பகமோ அதனை 'அவுட்வர்டு' என வகைப்படுத்தும்; ஏனெனில் காசோலை அங்கிருந்து வேறு வைப்பகத்திற்குப் பணம் வாங்கப் போகின்றது. அக்காசோலை திரும்பினால், 'அவுட்வர்டு' என்ற தலைப்பின்கீழ் ஒரு கட்டணம் பிடித்தனர் என்பது மட்டுமே உழைத்துச் சேர்த்தவர் கண்ணிற் படும். வெளியே எதனை அனுப்பினோம், எதற்குப் பிடித்தனர் என்று அவர் திகைப்பார். 'நீங்கள் செலுத்திய காசோலை திரும்பியது' என்று நான்கு தமிழ்ச் சொற்களில் எழுதியிருப்பின் அவர் கேள்வி கேட்டிருப்பார். விளங்காத சொல் கேள்வியைத் தடுக்கின்றது. கேள்வி தடைப்பட்ட இடத்தில் ஏமாற்றம் எளிதாகின்றது. இது புலவர்க்கு மட்டுமுள்ள கவலை அன்று. பொதுமக்களின் உரிமை என்க.

'புதுச்சொல் நாவில் நுழையாது' என்பார்க்கு ஒன்று சொல்வேன். வரியிடப்படாத பொதுநிலத்தைக் குறிக்க வெள்ளையர்க்குத் தம் மொழியிற் சொல் கிடைக்கவில்லை. நம் புறம்போக்கை அப்படியே எடுத்துத் தம் வருவாய்த்துறை ஏடுகளில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டனர். இன்றும் நிலச்சட்டங்களிலும் முறைமன்றத் தீர்ப்புகளிலும் அது ஆங்கிலமாகவே உலவுகின்றது. புறமும் போக்கும் சேர்ந்த அத்தமிழ்ச் சொல் அவர்கள் நாவில் நுழைந்தது. நம் நாவில் மட்டும் 'செல்மடல்' நுழையாதா? அவர்கள் இல்லாத சொல்லைக் கடன் கொண்டனர். நாம் இருக்குஞ் சொல்லைக் குப்பையிற் போட்டுவிட்டுக் கடன் கொள்கின்றோம். புறம்போக்கு என்பதையே ஆளைத் திட்டும் சொல்லாக்கிக் களிக்கின்றோம்!

ஆகவே செய்ய வேண்டுவது இது. தோற்றத்தைக் குறிக்குமிடத்துப் புறத்தோற்றம் என்க. போதலைக் குறிக்குமிடத்துச் செலவு என்க. பணச்செலவோடு மயங்குமாயின் வழிச்செலவு என்க. திசையைக் குறிக்குமிடத்துப் புறநோக்கி என்றோ வெளிப்புறமாக என்றோ கூறுக. அலுவலக ஏட்டிற்கு வருமடற் பதிவேடு, செல்மடற் பதிவேடு என்று பெயரிடுக. அரசு அலுவலகங்களில் வழங்கும் அனுப்புகைப் பதிவேடு என்பதும் தக்கதே. 'வருகைப் பதிவேடு' மாணவர்க்கும் பணியாளர்க்கும் உரியதாய் முன்னரே நிலைத்துவிட்டதால் அதனை மடலுக்கு இட்டுக் குழப்பற்க.

இதற்குச் சட்டம் வேண்டா, பெரும்பணம் வேண்டா, ஒரு தாளும் பசையும் போதும். இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும், எழுத்தர் ஒவ்வொருவரும், நாளை அலுவலகம் சென்றதும் அவ்விரண்டு ஏடுகளின் முகப்பை மாற்றி எழுதுக. தலைமையில் உள்ளோர் ஏனென்று வினவினால், தொல்காப்பியத்தைத் திறந்து காட்டுக. அயலான் சொல்லால் தன் வாயிலுக்கு உள்ளும் புறமும் பெயரிட்டுக் கொண்டவன் தன் வீட்டிலேயே அயலான் ஆவான். வாயில் நம்முடையது, அதன் பெயரும் நம்முடையதாகட்டும்!